விதைநெல் இருக்கிறதா?

இரவு நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு நான் நிலையத்தைவிட்டு இறங்கும்போது மணி ஒன்றைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் கைப்பேசிக்கு வரும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு வகைதான். 'அண்ணே, கடைசியா போட்ட பாட்டு எந்தப் படம்?' என்பது ஒன்று. மற்றது தூக்கம் வராதவர்கள் அனுப்புவது. சென்ற ஆண்டு மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை வந்தது இரண்டாவது வகை. அனுப்பியவன் என் இடைநிலைப்பள்ளித் தோழன். ஒரு தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தான். மேலே அவன் பெயர், கீழே ஆங்கிலத்தில் சில வரிகள், ஒரு கட்டத்தில் 0.00 என்ற எண். அதற்கும் கீழே அவன் தட்டியிருந்த ஒரே வரி: "மச்சான், எல்லாம் செத்துப்போச்சாடா?"

அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரை மட்டும் போட்டுடாதே, மத்ததை எழுது, நம்ம பசங்க நாலு பேர் படிக்கட்டும்" என்றான். அடையாளம் தெரியாமல் இருக்க ஓரிரு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மறுநாள் இரவு கிள்ளானில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்தோம். துறைமுகத்திலிருந்து கண்டேனர் லோரி ஓட்டுபவன் அவன். திருமணமாகி நான்கு ஆண்டுகள். குழந்தை இல்லை. அந்த நான்கு ஆண்டுகளில் அவன் மனைவி ஏறாத கோயில் இல்லை, எடுக்காத ஸ்கேன் இல்லை. கருக்குழாயில் சாயம் ஏற்றிப் பார்க்கும் எக்ஸ்ரேகூட எடுத்தாகிவிட்டது. வலியில் அன்று முழுக்க எழுந்திருக்கவில்லையாம். "எல்லாம் நார்மல்" என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னார்கள். நார்மல் என்றால் பிறகு ஏன் இல்லை என்று அத்தைகள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கும் அந்தப் பெண்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இவனை யாரும் ஒரு சிறு டப்பாவைக் கையில் கொடுத்துப் பரிசோதனைக்குப் போகச் சொல்லவில்லை. சொன்ன ஒரே டாக்டரிடம் இவன் மறுமுறை போகவே இல்லை.

குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனைதான் இந்த வரிசையிலேயே மிக எளிதானது, மலிவானது, வலி இல்லாதது. அதையே கடைசியில் செய்கிறோம். நானும் ஆண்தான், அதனால் இதை நம்மவர்களின் வெட்கம் என்று சொல்லி நழுவ மாட்டேன். இது சோம்பலும் பயமும் சேர்ந்த ஒன்று.

சரி, அவன் கேட்ட கேள்வி. எல்லாம் செத்துப்போச்சா?

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் ஊடகத்துறை படித்தவன்; உயிரியலை ஐந்தாம் படிவத்தோடு விட்டவன். ஆனால் அந்த 0.00 என்னையும் தூங்கவிடவில்லை. இரண்டு வாரம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பிறகு அவனுக்குத் துணையாக ஒரு சிறப்பு மருத்துவரிடமும் போனேன். படித்ததில் பாதி, நான் எதிர்பார்க்காத இடத்துக்கு, ஒரு பழ ஈயின் வயிற்றுக்குள் கொண்டுபோய் விட்டது. அதையும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். விந்தணு கையிருப்புச் சரக்கு அல்ல. பெண் குழந்தை பிறக்கும்போதே தன் கருமுட்டைகளைச் சூலகத்தில் சுமந்துகொண்டு பிறக்கிறது. ஆணுக்கு அப்படி இல்லை. பருவம் வந்த பிறகு நாள்தோறும் புதிதாக உற்பத்தி நடக்கிறது, கோடிக்கணக்கில். ஒவ்வோர் இதயத்துடிப்புக்கும் ஏறக்குறைய ஆயிரம் என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் பிடிக்கிறது. பாடநூல்களில் உள்ள கணக்கு 74 நாள். இன்று வெளிவருவது நோன்புப் பெருநாளுக்கு முன்பு தொடங்கிய வேலையாக இருக்கலாம்.

எழுபது, எண்பது வயதுவரை இப்படிக் கோடிகோடியாக உற்பத்தி நடந்தால் மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது? இங்கேதான் நம் பாட்டிமார் சொல் உதவுகிறது. விதைநெல். அறுவடையில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். வீட்டில் பட்டினி என்றாலும் அதில் கை வைக்க மாட்டார்கள். அடுத்த போகம் அதில்தான் இருக்கிறது. விந்தகத்துக்குள்ளும் அப்படி ஒரு விதைநெல் இருக்கிறது. அதுதான் குருத்தணு, நாம் ஸ்டெம் செல் என்று சொல்வது. ஒரு குருத்தணு இரண்டாகப் பிரியும்போது, ஒட்டுமொத்தக் கணக்கில் ஒன்று விந்தணுவாகும் பாதையில் போகிறது, ஒன்று குருத்தணுவாகவே நிற்கிறது. எல்லாமே போய்விட்டால் சில மாதங்களில் களஞ்சியம் காலி. ஒன்றுமே போகாமல் எல்லாம் நின்றுவிட்டால் விதைநெல் குவியும், சோறு இருக்காது.

யார் போக வேண்டும், யார் நிற்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது? குருத்தணு தானாக முடிவு செய்வதில்லை. அது உட்கார்ந்திருக்கும் இடம் முடிவு செய்கிறது. 1978இல் ரேமண்ட் ஸ்கோஃபீல்ட் என்ற ஆய்வாளர் இரத்தக் குருத்தணுக்களைப் பற்றி எழுதும்போது இந்தக் கருத்தை முன்வைத்தார். குருத்தணுவுக்கு என்று ஒரு மாடம் இருக்கிறது, அந்த மாடத்தில் இருக்கும்வரைதான் அது குருத்தணு என்றார். விளக்கு மாடத்தில் இருந்தால் காற்றுக்கு அணையாமல் நிற்கிறதல்லவா, ஏறக்குறைய அப்படி.

விந்தகத்தின் உள்ளே முடி போன்ற மெல்லிய குழல்கள் சுருண்டு கிடக்கின்றன. நீட்டி வைத்தால் நூற்றுக்கணக்கான மீட்டர். இந்தக் குழலின் சுவரில் நெடிய உயிரணுக்கள் அடிமுதல் நடுவெளிவரை மரம்போல் கிளைவிட்டு நிற்கின்றன. 1865இல் இத்தாலியில் என்ரிக்கோ செர்டோலி என்ற இளைஞர், வயது இருபதுகளின் தொடக்கத்தில், நுண்ணோக்கியில் இவற்றைப் பார்த்து வரைந்து வைத்தார். இன்றும் அவற்றின் பெயர் செர்டோலி செல். செவிலித்தாய் செல் என்றும் சொல்வார்கள். அந்தப் பெயர் பொருத்தமானது. குருத்தணுக்கள் இந்தச் செவிலித்தாயின் காலடியில், குழலின் வெளிச்சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. வளர வளர அவள் மடியில் ஏறி, தோளில் ஏறி, கடைசியில் வால் முளைத்து நடுவெளியில் குதிக்கின்றன.

செர்டோலி செல் ஒரு புரதத்தைச் சுரக்கிறது, ஜிடிஎன்எஃப் என்று பெயர். குருத்தணுவிடம் 'நீ இங்கேயே இரு' என்று சொல்வது அதுதான். 2000ஆம் ஆண்டில் பின்லாந்து ஆய்வாளர்கள் எலிகளில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். இந்தப் புரதம் பாதியாகக் குறைந்த எலிகளில் குருத்தணுக்கள் மெல்லத் தீர்ந்துபோயின. அளவுக்கு மீறிச் சுரக்க வைத்த எலிகளில் குருத்தணுக்கள் குவிந்து கிடந்தன, விந்தணு உருவாகவில்லை. செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளைகள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இந்தச் செவிலித்தாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று கைகோத்து ஒரு வேலியும் கட்டுகிறார்கள். குருத்தணு வேலிக்கு வெளியே, இரத்த ஓட்டத்தின் பக்கம். வளரும் விந்தணுக்கள் வேலிக்கு உள்ளே. ஏன் இந்தப் பிரிவினை? விந்தணு உருவாவதே பருவ வயதுக்குப் பிறகுதான். அதற்குள் நம் எதிர்ப்புச் சக்தி, 'இது என் வீட்டுக்காரன், இது அந்நியன்' என்று பட்டியலை முடித்துவிட்டிருக்கும். புதிதாக முளைக்கும் விந்தணுவை அந்நியன் என்று நினைத்துத் தாக்கும். அதனால் மறைத்து வைக்கிறார்கள். அப்படியானால் வெளியே இருக்கும் குருத்தணுவின் பிள்ளைகள் எப்படி உள்ளே போவது? ஜொகூர் பாலத்தில் பேருந்தில் போயிருக்கிறீர்களா? இந்தப் பக்கம் ஒரு சோதனைச்சாவடி, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் நாம். அதே முறைதான். பின்னால் புதிய வேலி எழுந்த பிறகுதான் முன்னால் உள்ள பழைய வேலி திறக்கிறது. ஒரு நொடிகூட வழி முழுக்கத் திறந்து கிடப்பதில்லை.

இப்போது பழ ஈ. பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றி மொய்க்குமே, அதே சின்ன ஈ. மனிதனுடையது சிக்கலான கட்டடம், அதனால் ஆய்வாளர்கள் எளிய கட்டடத்தை எடுத்துக்கொண்டார்கள். ஆண் ஈயின் விந்தகத்தின் நுனியில் பத்துப் பன்னிரண்டு உயிரணுக்கள் கொத்தாக உட்கார்ந்திருக்கின்றன. அதைச் சுற்றிக் குருத்தணுக்கள் ஆறிலிருந்து பன்னிரண்டுவரை, பாட்டியைச் சுற்றிக் கதை கேட்கும் பேரப்பிள்ளைகள்போல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'இரு' என்ற கட்டளை அந்தக் கொத்திலிருந்து வருகிறது. எட்டிப் போனவருக்குக் கேட்காது.

ஜப்பானில் படித்து அமெரிக்கா போன யுகிகோ யமாஷிதா என்ற பெண் ஆய்வாளர், மார்கரெட் ஃபுல்லரின் ஆய்வகத்தில் இந்த ஈயைக் கூர்ந்து பார்த்தார். ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் சென்ட்ரோசோம் என்று ஒரு நுண்ணிய உறுப்பு உண்டு. உயிரணு பிரியும் முன் அது இரண்டாகி, ஒன்று இந்த முனைக்கும் மற்றது அந்த முனைக்கும் போய், எந்தத் திசையில் வெட்டு விழ வேண்டும் என்று கயிறு கட்டுகிறது. ஈயின் குருத்தணுவில் ஒரு சென்ட்ரோசோம் பாட்டியின் பக்கமே ஒட்டி நிற்கிறது. மற்றது எதிர்ப்பக்கம் போகிறது. ஆகவே வெட்டு எப்போதும் குறுக்கே விழுகிறது. ஒரு பிள்ளை பாட்டியோடு, ஒரு பிள்ளை வெளியே. 2003இல் இதை வெளியிட்டார்கள். 2007இல் இன்னொன்றையும் கண்டார்கள். பாட்டி பக்கம் நிற்பது எப்போதுமே பழைய, தாய் சென்ட்ரோசோம். புதிதாக உருவானது வெளியேறும் பிள்ளையோடு போகிறது. அடுத்த ஆண்டு, வயதான ஈக்களில் இந்த நிலைப்பாடு தடுமாறுவதைப் பார்த்தார்கள். சென்ட்ரோசோம் சரியான இடத்துக்கு வரும்வரை குருத்தணு பிரியாமல் காத்திருக்கிறது. தப்பாகப் பிரிவதைவிடத் தாமதம் மேல் என்பதுபோல. வயதான ஈக்கு உற்பத்தி குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு மிகவும் பிடித்தது 2015இல் வந்தது. குருத்தணு சும்மா உட்கார்ந்து பாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. தன் உடலிலிருந்து மிக மெல்லிய ஒரு குழாயை நீட்டிப் பாட்டியின் உடலுக்குள்ளேயே செருகி, அங்கிருந்து கட்டளையை வாங்கிக்கொள்கிறது. தே ஓ ஐஸில் ஸ்ட்ரோவைப் போடுவது மாதிரி. வெளியேறிய பிள்ளைக்கு அந்தக் குழாய் இல்லை. குழாய் சரியாக உருவாகாதபடி செய்தபோது குருத்தணுவுக்குக் கட்டளை சரிவரக் கிடைக்கவில்லை. அது தன் இடத்தை விட்டுப்போனது. ஓர் ஈயின் வயிற்றுக்குள், கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரணு, தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு குழாயை நீட்டுகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு அந்தப் படத்தை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது.

மனிதனிடம் இப்படி ஒரே கொத்தாக ஒரு பாட்டி இல்லை. குழல் நெடுகச் செவிலித்தாய்கள் இருக்கிறார்கள். ஈயில் பார்த்த ஒவ்வொன்றும் அப்படியே நம்மிடமும் நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. எலிகளில், குருத்தணு வகைகள் இரத்தக்குழாய்க்கு அருகில் உள்ள இடங்களை விரும்பி அமர்வதை ஜப்பானில் 2007இல் காட்டினார்கள். ஆனாலும் அடிப்படை ஒன்றுதான். இடம் இருந்தால் குருத்தணு இருக்கும்.

அதற்கு நல்ல சாட்சி 1994இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் பிரின்ஸ்டர் செய்தது. ஓர் எலியின் விந்தகத்திலிருந்து உயிரணுக்களை எடுத்து, விந்தணு உற்பத்தி நின்றுபோன வேறோர் எலியின் குழலுக்குள் செலுத்தினார். செலுத்தியது குழலின் நடுவெளியில். குருத்தணுக்களோ அங்கிருந்து வேலியைத் தாண்டி, அடிச்சுவரைத் தேடிப் போய், தங்களுக்குரிய இடத்தில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிட்டன. அந்த மலட்டு எலிக்குக் குட்டிகள் பிறந்தன. விதைநெல் போனாலும் வயல் நன்றாக இருந்தால் மீண்டும் விதைக்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

இதையெல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டு நண்பனோடு சிறப்பு மருத்துவரிடம் போனேன். அவர் தாளைப் பார்த்தார். "ஒரு தடவை பூஜ்யம் வந்தா அதை நான் நம்ப மாட்டேன். இன்னொரு தடவை எடுக்கணும்" என்றார். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி ஒரு மில்லிலிட்டரில் 16 மில்லியன் விந்தணு என்பது கீழ் எல்லைக் குறியீடு. அதற்குக் குறைந்தாலும் குழந்தை பிறக்காது என்று பொருளில்லை. கூடினால் நிச்சயம் என்றும் இல்லை. பூஜ்யம் மட்டும் வேறு கதை. பூஜ்யத்துக்கு இரண்டு பொருள் உண்டு என்றார். உற்பத்தி நடக்கிறது, வெளியே வரும் வழி அடைபட்டிருக்கிறது என்பது ஒன்று. உற்பத்தியே நடக்கவில்லை என்பது மற்றது. அந்த இரண்டாவதிலும் பல வகை. சிலருக்குக் குழலில் செவிலித்தாய் மட்டும் இருப்பாள், மடியில் பிள்ளை இல்லை. 1947இல் அர்ஜென்டினா மருத்துவர்கள் அதை முதலில் விவரித்தார்கள். 'செர்டோலி செல் மட்டும்' என்பதே அந்த நோய்க்குப் பெயர். அதைக் கேட்டதும் நண்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் முறை.

மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் முடிவைப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவன் தோளையும் கையையும் பார்த்தார்.

"தம்பி, ஜிம்முக்குப் போறீங்களா?"

"ஆமா, டாக்டர்."

"ஊசி போட்டுக்கிறீங்களா?"

நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

திருமணத்துக்கு முந்திய ஆண்டு தொடங்கியிருக்கிறான். கல்யாணப் படத்தில் உடம்பு நன்றாகத் தெரிய வேண்டும் என்று. முதலில் மாத்திரை, பிறகு ஊசி, டெஸ்டோஸ்டெரோன். ஜிம்மில் ஒருவர் கொண்டுவந்து கொடுப்பாராம். நடுநடுவே விட்டுவிட்டு, ஐந்து ஆண்டுகளாக. குழந்தை இல்லை என்றானபோது, 'ஆண்மை கூடினால் நல்லதுதானே' என்று அளவைக் கூட்டியிருக்கிறான். அங்கேதான் விழுந்தது அடி.

மருத்துவர் தாளைத் திருப்பிக் காட்டினார். இரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோன் ஏகத்துக்கும் இருந்தது. ஆனால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்ப வேண்டிய எல்எச், எஃப்எஸ்எச் இரண்டும் அடிமட்டத்தில் கிடந்தன. எல்எச் விந்தகத்தில் உள்ள லேடிக் செல்களுக்குப் போகும் ஓலை. அங்கேயே டெஸ்டோஸ்டெரோனைச் சுரக்க வைக்கும். எஃப்எஸ்எச் செவிலித்தாய்க்குப் போகும் ஓலை. வெளியிலிருந்து ஊசியில் டெஸ்டோஸ்டெரோன் வந்து கொட்டினால், 'ஊரில் தாராளமாக இருக்கிறதே' என்று மூளை இரண்டு ஓலைகளையும் நிறுத்திவிடும்.

"வீட்டுக்குத் தினமும் கேட்டரிங் சாப்பாடு வருதுன்னு வச்சிக்குங்க" என்றார் மருத்துவர். "அம்மா அடுப்பை அணைச்சிடுவாங்க. ஆனா உள்ள இருக்கிற குழந்தை அந்த வெளிச்சாப்பாட்டைச் சாப்பிடாது. அதுக்கு வீட்டு அடுப்புல பொங்கினதுதான் வேணும்." விந்தகத்துக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டெரோன் அளவு, இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். ஊசி இரத்தத்தை நிரப்பும், அந்த உள்வீட்டை நிரப்பாது. உள்ளே அளவு விழுந்துவிடும். செவிலித்தாயால் பிள்ளைகளை வளர்த்தெடுக்க முடியாது. மார்பு அகலமாகும், விந்தகம் சுருங்கும்.

பிறகு அவர் சொன்னதுதான் எங்கள் இருவர் வாயையும் அடைத்தது. இந்த ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்திருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, 1990இல் வெளியானது. 7 நாடுகளில் 271 ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் ஒரு டெஸ்டோஸ்டெரோன் ஊசி. விந்தணு பூஜ்யமானவர்கள் ஓராண்டு வேறு எந்தத் தடுப்பும் இல்லாமல் இந்த ஊசியை மட்டும் நம்பி இருந்தார்கள். அத்தனை பேரிலும் ஒரே ஒரு கர்ப்பம்தான். குழந்தை வேண்டும் என்று கோயில் கோயிலாக மனைவியை அனுப்பிக்கொண்டு, இவன் வாராவாரம் கருத்தடை ஊசி போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

அப்படியானால் எல்லாம் செத்துவிட்டதா? இல்லை என்பதற்கு வாய்ப்பு அதிகம் என்றார் மருத்துவர். இந்த ஊசி நடுவில் உள்ள வளர்ச்சியைத்தான் நிறுத்துகிறது. அடிச்சுவரில் உள்ள குருத்தணுக்கள் பொதுவாக அங்கேயே காத்துக் கிடக்கின்றன. விதைநெல் களஞ்சியத்தில் இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர்தான் நின்றுபோயிருக்கிறது. ஆண் கருத்தடை ஆய்வுகளில் பங்கெடுத்த 1,500க்கும் மேற்பட்ட ஆண்களின் விவரங்களைத் தொகுத்து 2006இல் ஒரு கட்டுரை வந்தது. நிறுத்திய ஆறு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும், ஓராண்டில் பத்தில் ஒன்பது பேருக்கும் எண்ணிக்கை 20 மில்லியனைத் தொட்டுவிட்டது. ஆனால் அவர்கள் மருத்துவர் கண்காணிப்பில், அளவோடு போட்டுக்கொண்டவர்கள். ஜிம் ஊசியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அளவும் ஆண்டும் கூடக்கூட, திரும்பிவரும் காலமும் நீளும். சிலருக்குப் பழைய நிலை வராமலும் போகலாம்.

ஊசியை நிறுத்தச் சொன்னார். தானாக நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதே, வந்து பார் என்றும் சொன்னார். திடீரென்று நிறுத்தினால் சில மாதங்களுக்குச் சோர்வும் மனச்சோர்வும் வாட்டும். பலர் அதைத் தாங்காமல்தான் மறுபடியும் ஊசிக்குப் போகிறார்கள். விந்தகத்தைத் தட்டியெழுப்ப எச்சிஜி என்ற வேறொரு மருந்தைத் தொடங்கினார்.

நடுவில் ஒரு செய்தி. இந்தப் படிப்பில் என்னை மிகவும் தொட்டது புற்றுநோய் வந்த சிறுவர்களின் நிலை. கீமோவும் கதிர்வீச்சும் குருத்தணுவையே அழித்துவிடக்கூடும். அது நிஜமாகவே விதைநெல் எரிவது. வயது வந்த ஆண், சிகிச்சைக்கு முன் விந்தணுவை உறையவைத்துச் சேமிக்கலாம். புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கவிருக்கும் எந்த இளைஞன் வீட்டிலும் இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்க வேண்டும். கேட்காமல் விட்டு வருந்தியவர்கள் நிகழ்ச்சிக்கு எழுதியிருக்கிறார்கள். பருவம் எய்தாத பையனுக்கு விந்தணுவே இல்லை, குருத்தணு மட்டும்தான் உண்டு. அதனால் திசுவில் ஒரு துண்டை எடுத்து உறையவைக்கும் முயற்சிகள் சில நாடுகளில் நடக்கின்றன. 2019இல் பிட்ஸ்பர்க்கில் கைல் ஆர்விக் குழுவினர், குட்டிக் குரங்குகளிடமிருந்து எடுத்து உறையவைத்த திசுவைப் பிறகு அதே குரங்குகளின் தோலுக்கடியில் ஒட்டி வளர்த்து, அதிலிருந்து கிடைத்த விந்தணுவால் ஒரு பெண் குரங்குக்குட்டி பிறந்ததை அறிவித்தார்கள். அதற்கு கிரேடி என்று பெயர். 2022இல், 23 ஆண்டுகள் உறைநிலையில் கிடந்த எலிக் குருத்தணுக்கள் மீண்டும் விந்தணு தந்ததாகப் பென்சில்வேனியாவிலிருந்து செய்தி வந்தது. மனிதர்களுக்கு இது இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: எல்பிபிகேஎன் எனப்படும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தில் குழந்தைப்பேறு சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டும் போகலாம். இபிஎஃப் சேமிப்பிலிருந்து இந்தச் சிகிச்சைக்குப் பணம் எடுக்க வழி இருக்கிறது, வருமான வரியிலும் ஒரு வரம்புக்குள் விலக்கு உண்டு. பசார் மாலாமில் விற்கும் ஆண்மைக் காப்பியை மட்டும் நம்பிப் போய்விடாதீர்கள். அப்படிப்பட்ட பொருள்களில் சொல்லாமல் மருந்து கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது.

நண்பன் ஊசியை நிறுத்தியது ஏப்ரல் தொடக்கத்தில். முதல் மூன்று மாதம் அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. உடம்பு தளர்ந்தது, சட்டை தொளதொளத்தது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தான். ஜூலையில் எடுத்த பரிசோதனையில் மறுபடியும் பூஜ்யம். அன்றிரவு லோரியை ஓரம் கட்டிவிட்டு எனக்கு அழைத்து, ஒன்றும் பேசாமல் பதினைந்து நிமிடம் வரியில் இருந்தான். நான் 74 நாள் கணக்கை மறுபடியும் சொன்னேன். தண்ணீர் விட்ட அன்றே நெல் முளைக்குமா என்று கேட்டேன். "உன் ரேடியோ பேச்சை என்கிட்ட வச்சிக்காதே" என்று வைத்துவிட்டான்.

அக்டோபரில் 0.8 மில்லியன். டிசம்பரில் 4. மருத்துவர் இன்னும் காத்திருக்கச் சொல்கிறார். எண்ணிக்கை இதற்குமேல் ஏறாவிட்டாலும் பரவாயில்லை, ஒரே ஒரு விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்சி முறை இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார்.

எண்ணைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறொன்று. தீபாவளிக்கு முந்தின வாரம், அவன் அம்மா மருமகளுக்காக இன்னொரு வேண்டுதல் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பத்துமலைக்குப் பால்குடம். இவன் கூடத்தில் எல்லாரும் இருக்கும்போதே, "அம்மா, குறை என்கிட்ட. அவ மேல ஒண்ணும் இல்ல. இனி அவளை எங்கேயும் அனுப்பாதீங்க" என்றிருக்கிறான். அத்தைகள் இரண்டு பேர் இருந்தார்களாம். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் இவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டாராம்: "அப்ப பால்குடத்தை நீ எடுக்கிறியா?"

எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். தைப்பூசம் முடிந்து பிப்ரவரி கடைசியில் அடுத்த பரிசோதனை. நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருப்பது அவன் மனைவி.